அத்தியாயம் 6: சொட்டு, தாள், சோப்பு நுரை

சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நான்கு கம்பி நீட்டிய ஒரு சின்னப் பெட்டியை இரண்டிலும் முக்கி மின்சாரம் கொடுப்பார். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி, மேலே அழுக்கு நுரை கட்டும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். "இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீங்களா அக்கா?" என்பார். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படித்தவர்கள் வீட்டிலேயே இந்த வித்தை பலிக்கிறது.

அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததல்ல; கம்பியிலிருந்து வந்தது. கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பு, இன்னொன்று பெரும்பாலும் அலுமினியம். தண்ணீரில் கொஞ்சம் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து ஹைட்ராக்சைடாக வீழ்படியும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்த முறை அவர் வரும்போது அந்த ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய பாடம் முழுவதும் அந்தச் சிட்டிகை உப்பில் இருக்கிறது. எந்தச் சோதனையையும் ஒற்றைச் சோதனைக்குழாயில் செய்யாதீர்கள். பக்கத்தில் இரண்டு குழாய் துணைக்கு இருக்கட்டும்: தேடும் பொருள் நிச்சயம் இல்லாதது ஒன்று, நிச்சயம் இருப்பது ஒன்று. மாற்றம் எது, வெறும் தோற்றம் எது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கூடவே இன்னொன்று. "தண்ணீர் நல்லதா?" என்ற கேள்விக்கு எந்தச் சொட்டு மருந்தும் பதில் சொல்லாது. உப்பு இருக்கிறதா, குளோரின் மிச்சம் இருக்கிறதா, சாக்கடை கலந்ததா என்று உடைத்துக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வரும். பையில் வைத்துக்கொண்டு திரியும் டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பின் மொத்தத்தை மட்டுமே மின்கடத்தலை வைத்து மதிப்பிடுகிறது. காலராக் கிருமியை அது பார்க்காது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடுக்கச் சொல்லிச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. பட்சா, தான்சா, வைதர்ணா ஏரிகளிலிருந்து வரும் மும்பை கார்ப்பரேஷன் தண்ணீர் இயல்பிலேயே மென்னீர். அதற்கு ஆர்.ஓ. மாட்டுவது காசுக்குப் பிடித்த கேடு என்பது என் கருத்து.

போர் தண்ணீரின் கதை வேறு. மாகிம் கழிமுகத்தையும் மித்தி ஆற்றையும் ஒட்டிய தாராவியில் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். டேங்கரில் வந்தது ஏரித் தண்ணீரா போர் தண்ணீரா என்று சந்தேகம் வந்தால் குளோரைடு சோதனை செய்யலாம். ஒரு கிராம் சில்வர் நைட்ரேட்டை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்துப் பழுப்பு பாட்டிலில் வையுங்கள். பிரின்சஸ் ஸ்ட்ரீட் ஆய்வகப் பொருள் கடைகளில் கிடைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் சொட்டுக் கணக்கில்தான் செலவாகும். நான்கு சோதனைக்குழாய்களில் ஐந்தைந்து மில்லி எடுங்கள்: காய்ச்சி வடித்த நீர், கார்ப்பரேஷன் தண்ணீர், டேங்கர் தண்ணீர், சிட்டிகை உப்பு போட்ட நீர். ஒவ்வொன்றிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் மூன்று சொட்டு. முதல் குழாயில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் குழாய் சரியாகக் கழுவப்படவில்லை. கார்ப்பரேஷன் தண்ணீரில் லேசாகப் புகை படர்ந்தது போல் வெண்மை தெரியும். உப்பு நீரில் தயிர்க்கட்டி போல் வெள்ளை வீழ்படிவு கொட்டும். டேங்கர் தண்ணீர் இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்று கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். குழாயைக் கால் மணி நேரம் வெயிலில் வைத்தால் அந்த வெள்ளை ஊதா படிந்து கறுக்கும். சில்வர் குளோரைடு என்பதற்கு அது கூடுதல் அடையாளம்.

குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாக வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1,000 வரை. கடல் நீரில் இது ஏறத்தாழ 19,000. நாக்கில் கரிப்பு தட்டுவதும் 250ஐ ஒட்டித்தான் என்பதால் பாட்டிமார் நாக்கை இந்த விஷயத்தில் நம்பலாம்.

நைட்ரிக் அமிலம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். கார்பனேட்டும் சில்வரோடு சேர்ந்து வெள்ளையாக விழும். அமிலம் அதைக் கரைத்து வெளியேற்றிவிடும். நைட்ரிக்குக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் தேடுகிற குளோரைடை நாமே கொண்டுவந்து கொட்டினது ஆகிவிடும். சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு விடும்போதும் இதே கணக்கு: அமிலம் ஹைட்ரோகுளோரிக்காக இருக்க வேண்டும், கந்தக அமிலம் கூடவே கூடாது. செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரையும் என்று காட்டிய பிறகு அந்தக் கரைசலை அன்றைக்கே அமிலம் விட்டு முடித்துவிடுங்கள். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை நாள்கணக்கில் வைத்தால் வெடிக்கும் பொருள் உருவாகக்கூடும்.

அடுத்தது குளோரின். குளோரைடு வேறு, குளோரின் வேறு. கிருமியைக் கொல்வது இரண்டாவது. பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்த குளோரின் உங்கள் குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். வழியில் பைப்பில் ஓட்டை இருந்து சாக்கடை புகுந்தால் இந்த மிச்சம்தான் முதலில் தீரும். ஆகவே நேற்றுவரை இருந்தது இன்றைக்கு இல்லையென்றால் அதுவே எச்சரிக்கை. முன்பெல்லாம் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் பார்ப்பார்கள். அந்த மருந்து உடலுக்குக் கேடு என்பதாலும், இரும்பும் மாங்கனீசும்கூட அதை மஞ்சளாக்கி ஏமாற்றும் என்பதாலும் இப்போது டி.பி.டி. மாத்திரையே நல்லது. மாத்திரையைக் கையால் தொடாமல் தண்ணீர் எடுத்த சோதனைக்குழாயில் போட்டால் ரோஸ் நிறம் வரும்; டப்பாவில் உள்ள நிற அட்டையோடு உடனே ஒப்பிட வேண்டும். குழாயில் நேரடியாகப் பிடித்த தண்ணீர், பில்டிங்கின் மேல் டேங்க் தண்ணீர் இரண்டையும் பாருங்கள். கீழே நிறம் வந்து மேலே வரவில்லையென்றால் குற்றம் கார்ப்பரேஷன் மேல் இல்லை, உங்கள் டேங்க் மேல்.

கிணற்றுக்கோ தொட்டிக்கோ எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது என்பதற்கு ஹாரக்ஸ் கருவி என்று ஒன்று உண்டு. முதல் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் பெயரில் வழங்குவது, எம்.பி.பி.எஸ். மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரு கறுப்புக் கிண்ணம், ஆறு வெள்ளைக் கிண்ணம். 2 கிராம் பவுடரைக் கறுப்புக் கிண்ணத்தில் கரைத்துத் தெளியவிட்டு, வெள்ளைக் கிண்ணங்களில் சோதிக்க வேண்டிய தண்ணீரை நிரப்பி, தெளிவை முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஆறு வரை விடுங்கள். கலக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து ஸ்டார்ச்-அயோடைடு மூன்று சொட்டு. எந்தக் கிண்ணம் முதலில் தெளிவான நீலம் காட்டுகிறதோ அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால், 455 லிட்டருக்குத் தேவையான பவுடர் கிராமில் கிடைக்கும். மூன்றாவது நீலமானால் 6 கிராம். இதில் எனக்குப் பிடித்தது, பவுடர் பழசாகி வீரியம் குறைந்திருந்தாலும் கணக்கு தானாகச் சரிப்பட்டுக்கொள்வது.

சாக்கடை கலந்ததா என்பதை உறுதிசெய்ய 1982இல் குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் மஞ்சா, மௌரியா, ராவ் ஆகியோர் உருவாக்கிய எச்2எஸ் பாட்டில் உதவும். மருந்தேற்றிய தாள் இருக்கும் பாட்டிலில் தண்ணீரை ஊற்றி மூடி ஒன்று, இரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும். மும்பை வெக்கையில் அடுப்படி மேடையே சரி. குடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அது பாட்டிலில் உள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். கறுத்தால் குடிக்காதீர்கள். கறுக்கவில்லையென்றால் சந்தேகம் குறைந்தது என்று மட்டும் பொருள்.

அயனிச் சோதனை பழக நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தைவிடச் சிறந்த பொருள் கிடையாது. அலுமினியம், சல்பேட், கூடவே பொட்டாசியமோ அம்மோனியமோ என்று ஒரே கட்டியில் மூன்று அயனி. கரைசலில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் வெள்ளையாகக் குழகுழவென்று வீழ்படியும். விட்டுக்கொண்டே போனால் கரைந்து மறையும். கால்சியமாக இருந்தால் மறையாது. வேறொரு குழாயில் அமிலமும் பேரியம் குளோரைடும் சேர்த்தால் சல்பேட் வெள்ளையாக இறங்கும். இனி மூன்றாவது. காரம் விட்ட குழாயை லேசாகச் சூடாக்கி, நனைத்த மஞ்சள் தாளை வாயருகே பிடியுங்கள். சிவந்தால் உங்கள் கடைக்காரர் கொடுத்தது அம்மோனியம் படிகாரம். மாற்றமில்லையென்றால் பொட்டாசியம் படிகாரம்; சுத்தமான கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டி, கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் இளம் ஊதா தெரியும். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். ரசம் பொங்கி அடுப்பில் வழியும்போது சுடர் மஞ்சளாவதும் அந்தச் சோடியத்தால்தான். மற்ற உலோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: காரம் விட்டால் செம்பு நீலம், இரும்பு பழுப்பு அல்லது அழுக்குப் பச்சை, பச்சை சிறிது நேரத்தில் மேலிருந்து பழுப்பாகும். காரம் கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடி அணியாமல் தொட வேண்டாம்.

மஞ்சள் தாள் என்றது நாமே செய்வது. மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து வடிதாளில் தோய்த்து உலர்த்தினால் ஆயிற்று. மாட்டுங்காவில் 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கிய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதே மாட்டுங்காவில் ரயில் நிலையத்தை ஒட்டிப் பூக்கடைகளும் இருக்கின்றன. அமிலமா காரமா என்று பார்க்கும் நம் தேவைக்குப் பூக்கடை போதும். சங்குப்பூச் சாறு எலுமிச்சையில் ஊதாவும் ரோஸுமாகும், சுண்ணாம்பில் பச்சையாகும்.

"இது தண்ணீர்தானா?" என்பது இன்னொரு வகைக் கேள்வி. மயில்துத்தத்தைச் சமையலுக்குப் பயன்படாத சட்டியில் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளைப் பொடியாகும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மறுபடி நீலம். மும்பையில் ஜூலையில் இதைச் செய்தால் பாட்டிலைத் திறந்த சிறிது நேரத்தில் காற்றின் ஈரமே பொடியை நீலமாக்கிவிடும். ஆறவைப்பதும் எடுத்துவைப்பதும் மூடிய பாத்திரத்தில் நடக்க வேண்டும். ஜுஹு கடல் நீரும் இந்தப் பொடியை நீலமாக்கும். ஆகவே இது தண்ணீர் இருப்பதைச் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது.

வாயுக்களுக்கு வருவோம். கார்பன் டை ஆக்சைடைத் தாராவி இட்லிக்காரர்கள் வீட்டில் படிக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். புளித்துப் பொங்கத் தொடங்கிய மாவை ஒரு பாட்டிலில் பாதியளவு ஊற்றி, மூடியில் துளையிட்டு ரப்பர் குழாய் செருகி, மறுமுனையைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விடுங்கள். குமிழி ஒவ்வொன்றாக வரும். சற்று நேரத்தில் நீர் பாலாக மாறும். துணைக் குழாயை மறக்க வேண்டாம்: இன்னொரு தம்ளர் சுண்ணாம்பு நீரைத் திறந்தே வையுங்கள், காற்றுப் பட்டு அதுவும் மேலே ஆடை கட்டும், ஆனால் மெதுவாக. வாயு தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தால் பால் மறுபடி தெளியும். அது சோதனை கெட்டதல்ல, கால்சியம் பைகார்பனேட் கரைந்துவிட்டது. அந்தத் தெளிவைக் கொதிக்கவைத்தால் மீண்டும் கலங்கும். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டுவதும் இதே வினைதான்.

ஆக்சிஜனில் தணல் குச்சி பற்றும், ஹைட்ரஜன் 'டப்' என்று வெடிக்கும் என்பது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. இங்கே அதற்கு மேல் இடம் வேண்டாம்.

செம்பூரில் ஆர்.சி.எஃப். உர ஆலை, மாகுல் சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாம் பக்கத்தில் இருப்பதால் 'என்ன நாற்றம் இது?' என்ற கேள்வி அடிக்கடி வரும். 2019 செப்டம்பரில் செம்பூர் தொடங்கிப் பல பகுதிகளில் வாயு நாற்றம் என்று புகார்கள் குவிந்தன. அம்மோனியா என்று சந்தேகம் என்றால் நனைத்த மஞ்சள் தாள் சிவக்கும். தாளைச் சுத்தமான காற்றில் ஆட்டினால் அம்மோனியா பறந்து மஞ்சள் திரும்பும். சுண்ணாம்பு பட்டுச் சிவந்தது அப்படித் திரும்பாது. குளோரின் என்றால் நனைத்த ஸ்டார்ச்-அயோடைடு தாள் நீலமாகும். 2010 ஜூலையில் சிவ்ரி ஹாஜி பந்தரில் வருடக்கணக்காகக் கிடந்த சிலிண்டரிலிருந்து குளோரின் கசிந்து நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நீரேற்று நிலைய ஊழியர்கள் குளோரின் கசிவைத் தேட அம்மோனியாவில் நனைத்த துணியை வால்வருகே நீட்டுவார்கள். வெள்ளைப் புகை எழுந்த இடம் ஓட்டை. நமக்கு அந்த வேலை வேண்டாம். கண் எரிந்தால் தாளைத் தேடாதீர்கள், காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள்; குளோரின் தரையோடு படியும், அதனால் மாடி ஏறுவது நல்லது.

குழாய் கேஸ் மீத்தேன், மேலே எழும்பும். சிலிண்டர் கேஸ் கனமானது, தரையில் தேங்கும். கசிவுக்கு ஒரே சோதனை சோப்பு நுரை: இணைப்பில் தடவினால் குமிழி ஊதும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

சாக்கடைக் குழியில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் இல்லை, எரிந்தால் இறங்கலாம் என்பார்கள். விளக்கு ஆக்சிஜனைப் பற்றி மட்டுமே பேசும். அது நன்றாக எரியும் காற்றிலேயே ஆளைச் சாய்க்கும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம். மீத்தேன் இருந்தால் விளக்கே குழியை வெடிக்கவைக்கும். மூக்கையும் நம்ப முடியாது. அழுகிய முட்டை நாற்றம் மிகச் சிறிய அளவிலேயே தெரியும், ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது முகரும் நரம்பு மரத்து நாற்றம் மறைந்துபோகும். 'நாத்தம் போயிடுச்சு, இறங்கு' என்பது சாவுக்கு அனுப்புவது. ஈய அசிடேட் தாள் கறுப்பதும் வெள்ளிக் கொலுசு கறுப்பதும் அந்த வாயு இருப்பதைக் காட்டும். எவ்வளவு என்று காட்டாது. பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொசைட்டிச் செயலாளராக இருப்பவர்கள் இதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

தாராவித் தமிழர்களில் ஒரு பகுதியினரை மும்பைக்கு இழுத்துவந்தது தோல் பதனிடும் தொழில். பதனிடும் வேலை பெரும்பாலும் வெளியே போய்விட்டாலும் பை, பெல்ட் தைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு சோதனை. மயிர் நீக்கச் சுண்ணாம்பில் ஊறிய தோலில் சுண்ணாம்பு முழுதும் போனதா என்று பார்க்க, தடித்த இடத்தில் குறுக்காக வெட்டி வெட்டுமுகத்தில் பினாப்தலீன் ஒரு சொட்டு விடுவார்கள். நடுவில் ரோஸ் கோடு தெரிந்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. குரோம் தோல் என்று விற்பதை வாங்கும்போது ஒரு சின்னத் துண்டைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். சுருண்டு இறுகினால் பதம் சரியில்லை, அல்லது அது குரோம் தோலே இல்லை. சோடியம் சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவோடு அமிலக் கழிவு ஒரே கால்வாயில் சேர்ந்தால் மேலே சொன்ன அதே ஹைட்ரஜன் சல்பைடு எழும்பும்.

மிஞ்சிய வெள்ளிக் கழிவில் உப்பு போட்டு வீழ்படிய வைத்து வடிகட்டிச் சேர்த்துவையுங்கள், கடைக்காரர் சிலர் வாங்கிக்கொள்வார்கள். பேரியமும் ஈயமும் விஷம்; மோரியில் கொட்டக் கூடாது.

வீட்டுச் சோதனையில் சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலையே வாங்குங்கள். அதற்குள் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். அது குளோரினை அங்கேயே நிறுத்தும். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, உங்கள் குழாயில் இருந்தது ஆய்வகத்தில் இல்லாமல் போகும். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் நான்கு வரி: எந்தக் குழாய், என்ன நேரம், தண்ணீர் வந்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு பிடித்தது, டி.பி.டி. நிறம் என்ன. அதன் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். தாராவிக்கு ஜி-வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப்-வடக்கு, செம்பூருக்கு எம்-மேற்கு வார்டு அலுவலகம். கார்ப்பரேஷன் உதவி எண் 1916க்கு அடித்தாலும் முதலில் கேட்பது இந்த நான்கையும்தான் என்று நினைத்துக்கொண்டு பேசுங்கள்.